கம்பியூட்டர் அறையில் ஒரு தொரைத் தொப்பி

போன வாரம் மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம், நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் கம்பியூட்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"ஸ்டெல்லா அக்கா, இந்த சூடோ ரொம்ப சூசா லா. ஒவ்வொன்னுக்கும் பாஸ்வேர்ட் கேக்குது. எல்லாரும் நேரா ரூட்டாவே உள்ள போயிட்டா என்ன?"

சூசா என்றால் மலாயில் தொல்லை. பசி போய்விட்டது. கையைக் கழுவிவிட்டு அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். குரல் செய்தி பத்து நிமிடத்தைத் தாண்டியதும் என் மகளே வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, இதுக்கு எழுதியே குடுத்துடுங்க, அந்தப் பொண்ணு பாவம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண் பாவம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கம்பியூட்டர் வாசனையே இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் மருத்துவமனையில் இருந்தது கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தெரிகிற வகைக் கம்பியூட்டர். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எல்லை உண்டு. தாதிக்கு அவள் வார்டு, மருந்தகக்காரருக்கு அவர் மருந்து. ரூட் என்ற ஒரு பெயருக்கு மட்டும் எல்லையே கிடையாது. எதையும் திறக்கும், எதையும் அழிக்கும். இதில் 'எஸ் யூ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. உள்ளே போன பிறகு, பாதி வழியில் வேறொருவராக மாறிக்கொள்ளலாம். சாதாரண ஆள் இன்னொருவராக மாற வேண்டுமானால் அந்த இன்னொருவரின் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். ரூட் மாறினால் யாரும் எதையும் கேட்பதில்லை. நினைத்த மாத்திரத்தில் யாராகவும் ஆகிவிடலாம். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடம், பிறகு ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் பள்ளி, தட்டெழுத்து, ஒரு கம்பியூட்டர் சான்றிதழ், மருத்துவமனையில் ஆபரேட்டர் வேலை. இவ்வளவுதான் என் படிப்புக் கதை. தோட்டம் இப்போது இல்லை. அங்கே வரிசையாக வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் இருக்கின்றன.

என் முதல் மேலதிகாரி கனகசபை. யாழ்ப்பாணத்துத் தமிழர். அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது தொரைக்குக் கீழே ஆபீஸ் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. சேரில் உட்காரமாட்டார், பின்னால் வந்து நிற்பார். நாங்கள் ஏதாவது தட்டிக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேலிருந்து அந்தக் கேள்வி வரும்.

"பிள்ளை, நீர் இப்ப ஆர்?"

முதல் முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். "ஸ்டெல்லா, சார்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். மெஷினுக்கு நீர் ஆர்?"

"ரூட், சார்."

"அப்ப தொப்பி எங்க?"

தொப்பி என்றால் நிஜமான தொப்பி. வெள்ளைக்காரத் தொரைமார் தோட்டத்தில் போட்டுக்கொண்டு அலைந்தார்களே, அந்தத் தக்கைத் தொப்பி. அவருடைய அப்பாவிடம் ஏதோ ஒரு தொரை விட்டுவிட்டுப் போனது. கம்பியூட்டர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். சட்டம் இதுதான்: அவரவர் சொந்தப் பெயரில் உள்ளே வர வேண்டும். ரூட்டாக மாற வேண்டுமென்றால் எழுந்து போய்த் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுதான் 'எஸ் யூ' தட்ட வேண்டும். ரூட்டிலிருந்து இன்னொருவராக மாறினாலும் தொப்பி தலையிலேயே இருக்க வேண்டும். வெளியே வந்து, 'ஹூ ஆம் ஐ' என்று தட்டி, திரையில் சொந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் கழற்றலாம். தொப்பி ஒன்றுதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் ரூட்.

நான் அதை முதன்முதலாகத் தலையில் வைத்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அந்த மாதிரி ஒரு தொப்பி தூரத்தில் தெரிந்தாலே சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர் அவர். வீட்டில் போய்ச் சொன்னேன். "ஜாக்கிரதையா போட்டுக்கம்மா, பேன் இருக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்தான். எக்ஸ்ரே பிரிவிலிருந்து வேடிக்கை பார்க்கவே ஆள் வரும். ஒருநாள் எங்கள் ஆபரேட்டர் ஒருவர் தொப்பியோடு கேன்டீனுக்குப் போய் மீ கோரெங் வாங்கிக்கொண்டிருந்தார். கனகசபை அங்கேயே அவரைப் பார்த்து, "சாப்பாடு பிறகு. மேல போய் ரூட்டை மூடிப்போட்டு வாரும்" என்றார். தொப்பி தலையில் இருந்தால் மேலே ரூட் திறந்து கிடக்கிறது என்று கேன்டீன் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். இதைவிட நல்ல பாதுகாப்பு முறையை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. கருத்தரங்கில் நல்ல மதியச் சாப்பாடு கேட்டிருக்கிறேன், கிடைத்துமிருக்கிறது.

அவர் காரணமும் சொன்னார், ஒரே ஒரு தடவை. "அரசாங்கக் கடிதம் பார்த்திருப்பீர். பெரியவர் இல்லாட்டி அடுத்தவர் 'பாகி பிஹாக்' எண்டு போட்டு, இன்னாருக்காக எண்டு சொல்லி, தன்ர கையெழுத்தைத்தான் போடுவார். பெரியவற்ர கையெழுத்தைப் போட்டால் அதுக்குப் பேர் வேற. அதிகாரம் அவருடையது, கை உம்முடையது. ரெண்டும் தெரிய வேணும்."

அவர் ஓய்வு பெற்றுப் போனார். புது மேனேஜர் வந்தார். சுவர் நிறையச் சான்றிதழ். முதல் நாளே ஆணியைப் பார்த்தார்.

"இது என்ன, கம்பியூட்டர் ரூமா, சர்க்கஸா?"

நான் விளக்கினேன். முழுசாக விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் "ப்ரொஃபெஷனலா இல்ல" என்றார். தொப்பி குப்பைக்குப் போனது. தோட்டக்காரர் எடுத்துக்கொண்டு புல் வெட்டும்போது போட்டுக்கொண்டார். அடுத்த வாரத்தில் ரூட் பாஸ்வேர்ட் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. காலையில் வருவார்கள், நேராக ரூட்டாக நுழைவார்கள், வேலை முடிந்து போகும்வரை ரூட்டாகவே இருப்பார்கள். சூடோ என்று ஒன்று இருக்கிறது, சொந்தப் பெயரிலேயே இருந்துகொண்டு வேண்டிய வேலைக்கு மட்டும் அதிகாரம் வாங்கிக்கொள்ளலாம், யார் வாங்கினார் என்பதும் பதிவாகும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இவர்களோடு இன்னும் கொஞ்ச நாள் பேசினால் என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் பண்டிகைக்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்கள் லீவு போட்டால் நாம் அவர்கள் வேலையைப் பார்ப்போம். தீபாவளிக்கு அவர்கள் நம் வேலையைப் பார்ப்பார்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நான் கிறிஸ்தவள் என்பதால் எல்லாப் பண்டிகைக்கும் உழைத்துவிட்டு டிசம்பரில் பழிவாங்குவேன். இந்த வழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரூட் பொதுச் சொத்தான பிறகு, லீவில் போனவரின் கம்பியூட்டர் வேலையை எங்கள் பிரிவு அவராகவே மாறிச் செய்ய ஆரம்பித்தது. ரூட்டிலிருந்து எஸ் யூ, அவர் பெயர், முடிந்தது. அவருக்கே தெரியாது.

டயாலிசிஸ் பிரிவின் தலைமைத் தாதி பரமேஸ்வரி. புந்தோங்கில் வீடு. கணவர் லோரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருந்தார்; இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். யாருக்கு எந்த நாள், எந்தப் படுக்கை என்பதைக் கம்பியூட்டரில் போடுவதும் மாற்றுவதும் அச்செடுப்பதும் அவள் ஒருத்தி பெயரில்தான் முடியும். அந்தத் தீபாவளிக்கு அவள் ஒரு வாரம் லீவு எடுத்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் நான் லீவு. எங்கள் பிரிவில் குமரன் வேலையில் இருந்தான். கெட்டிக்காரன், நல்ல பிள்ளை, யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டான். பாதித் தொல்லை அங்கேதான். காலையில் ரூட்டிலிருந்து பரமேஸ்வரியாக மாறி, அன்றைய நோயாளிகளின் அட்டவணையை அச்செடுத்து மேலே அனுப்பினான். போன் வந்தது, பேசினான். பேசி முடிப்பதற்குள் புதிதாகச் சேர்ந்த இரண்டு தாதிகள் பயிற்சிக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்கு முறுக்கு கொடுத்து உட்காரவைத்தான்.

பயிற்சிக்கென்று தனிக் கணக்கு இருந்தது. அதில் இருக்கிற நோயாளிகள் எல்லோரும் பொய் ஆட்கள். நம் நாட்டில் உதாரணம் சொல்வதென்றால் பள்ளிக்கூடத்திலிருந்தே மூன்று பேர்தானே? அலி, ஆ சோங், முத்து. அந்த மூவரையும்தான் நோயாளிகளாகப் போட்டிருந்தோம். பாவம் முத்துவை ஒவ்வொரு பயிற்சியிலும் சேர்ப்போம், மாற்றுவோம், நீக்குவோம்.

இரண்டு நாள் கழித்துப் பரமேஸ்வரி எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, என்னை விசாரணைக்குக் கூப்புட்டிருக்காங்க. நான் ஒரு பேஷண்ட நீக்கிட்டேனாம். என் பாஸ்வேர்ட யாருக்கோ குடுத்துட்டேனாம். என் புருஷனுக்கே சொன்னதில்ல அக்கா. வேலை போயிடும்னு பேசிக்கிறாங்க."

நீக்கப்பட்ட நோயாளி எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் டிராக்டர் ஓட்டியவர். பெயர், கேட்டுக்கொள்ளுங்கள், முத்து. பெயர் நீக்கப்பட்ட மறுநாள் தன் முறைக்குச் சரியாக வந்திருக்கிறார். அட்டவணையில் பெயர் இல்லை. படுக்கை இன்னொருவருக்குப் போயிருந்தது. பரமேஸ்வரிக்குப் பதிலாக வந்த ரோஹானாவுக்கு அவர் பழக்கமில்லை. நாளைக்கு வரச் சொன்னாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் விடிவதற்குள் மூச்சு வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தீவிர சிகிச்சையில் இருந்தார்.

நான் மேனேஜரிடம் போனேன். "பரமேஸ்வரி லீவுல இருந்தாங்க சார்" என்றேன்.

"சிஸ்டத்துல அவங்க பேருதான் இருக்கு. சிஸ்டம் பொய் சொல்லாது."

"பொய் சொல்லாது சார். நாம சொல்றத அப்படியே சொல்லும்."

"அப்போ பாஸ்வேர்ட் குடுத்திருக்காங்க. அதுவும் தப்புதான்."

ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை என்பதை அவருக்கு மூன்று விதமாகச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி பேப்பரில் தட்டச்சே ஆகிவிட்டது.

குமரனைக் கேட்டேன். "பிரிண்ட் மட்டும்தான் எடுத்தேன் அக்கா. அப்புறம் பயிற்சிக் கணக்குக்கு மாறிட்டேன், சத்தியமா" என்றான். அவன் பொய் சொல்கிற ஆளில்லை. அதனால் அந்த இரண்டு புதுத் தாதிகளைத் தேடிப் போனேன். அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று அப்படியே சொல்லச் சொன்னேன். ஒருத்தி முறுக்கு நன்றாக இருந்தது என்றாள். இன்னொருத்தி சொன்னாள்:

"ஆரம்பத்துல லைன் ஸ்லோ அக்கா. அவரு ஒரு தடவ டைப் பண்ணாரு, எழுத்தே வரல. மறுபடி டைப் பண்ணாரு, அப்புறம்தான் ஸ்கிரீன் வந்துச்சு."

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லைன் ஸ்லோவாம்!

நடந்தது இதுதான். ரூட்டாக இருந்து இருந்து குமரனின் விரல்களுக்குப் பழக்கமாகிவிட்டது: எஸ் யூ, பயிற்சிக் கணக்கின் பெயர், என்டர், உடனே அட்டவணையைத் திறக்கிற கட்டளை. நடுவே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவன் ரூட் அல்ல. அச்செடுத்துவிட்டு வெளியே வராமல் போனை எடுத்ததால் இன்னும் பரமேஸ்வரியாகவே இருந்தான். பரமேஸ்வரி சாதாரண ஆள். சாதாரண ஆள் மாறப் பார்த்ததால் மெஷின் பாஸ்வேர்ட் கேட்டது. அவனோ திரையைப் பார்க்காமல், அந்தப் பெண்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே, அடுத்த கட்டளையைத் தட்டினான். பாஸ்வேர்ட் தட்டினால் எழுத்து தெரியாது அல்லவா? மெஷின் அந்தக் கட்டளையைப் பாஸ்வேர்ட் என்று நினைத்து வாங்கி, தப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அவனைப் பரமேஸ்வரியாகவே விட்டுவிட்டது. அவன் "லைன் ஸ்லோ லா" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டினான். அட்டவணை திறந்தது. உண்மையான அட்டவணை. பயிற்சியில் வழக்கமாகச் செய்கிற மாதிரி முத்து என்று பெயரைத் தேடினான். முத்து வந்தார். நீக்கிக் காட்டினான்.

தலையில் அந்தத் தொப்பி இருந்திருந்தால் போன் பேசும்போதே காதில் இடித்திருக்கும்.

குமரனைக் கூப்பிட்டு இதை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அக்கா, அது டெஸ்ட் முத்து."

"இல்லடா."

"முத்துன்னு நெஜமாவே ஒரு ஆள் இருக்காரா?"

அவன் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முத்து படுத்திருந்தார். மூக்கில் குழாய், கறுத்து மெலிந்த கால், கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி ஜப்பான் ரப்பர் செருப்பு.

இறங்கி வரும்போது, "சிஸ்டம் எரர்னு போட்டுட முடியாதா அக்கா? எனக்கு ஜனவரியில குழந்தை பொறக்கப் போகுது" என்றான்.

"போடலாம். அந்த எரருக்குப் பேரு பரமேஸ்வரின்னு ஏற்கெனவே போட்டுட்டாங்க."

மறுநாள் விசாரணை அறையில் பரமேஸ்வரி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாட்சியாகப் பக்கத்தில் இருந்தேன். குமரனை யாரும் கூப்பிடவில்லை. அவனே கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"அதை நீக்கினது நான் சார். அவங்க இல்ல."

மேனேஜர் அப்போதும் விடவில்லை. "அவங்க பாஸ்வேர்ட் இல்லாம நீ எப்படி அவங்களா ஆவ?"

குமரன் மேசையில் இருந்த மடிக்கணினியைக் கேட்டு வாங்கினான். ரூட்டாக நுழைந்தான். எஸ் யூ தட்டி மேனேஜரின் பெயரைத் தட்டினான். 'ஹூ ஆம் ஐ' என்று கேட்டான். திரையைத் திருப்பிக் காட்டினான். மேனேஜரின் பெயர் அழகாக இருந்தது.

மேனேஜர் திரையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். ஒரு மனிதர் சாகப் பிழைக்கக் கிடக்கிறார், ஒரு பெண்ணின் வேலை ஊசலாடுகிறது, அவர் கேட்ட முதல் கேள்வி:

"அப்போ என் இமெயில எல்லாம் படிக்க முடியுமா?"

பரமேஸ்வரி தப்பினாள். குமரனுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. அவனே வந்து சொன்னதால் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் உடனடி நடவடிக்கை எடுத்தார்: மாடிக்கு மாடி, லிஃப்டுக்குள், கழிப்பறைக் கதவில்கூட, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர் என்று மூன்று மொழியில் சுவரொட்டி. இந்த விவகாரத்தில் யாரும் யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுக்கவே இல்லை! நான் அதைச் சொல்லப் போனேன். பாதிப் படியேறியதும், போதும் கர்த்தரே என்று திரும்பி வந்துவிட்டேன். ஆனால் தன் இமெயிலை யாராவது படிப்பார்கள் என்ற பயத்தில் அவர் சூடோவுக்குச் சம்மதித்தார். ரூட் பாஸ்வேர்டை மாற்றிப் பூட்டி வைத்தோம். எப்படியோ வந்ததே. வாட்ஸ்அப்பில் கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சூசா என்று தெரிகிற சூடோ அப்படி வந்ததுதான்.

பயிற்சிக் கணக்கில் அலி, ஆ சோங், முத்து மூவரையும் குமரன் எடுத்துவிட்டான். இப்போது அங்கே ஒரே ஒரு நோயாளிதான். பெயர் குமரன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவனைத்தான் நீக்கிப் பழகுகிறார்கள்.

முத்து பிழைத்தார். சாதாரண வார்டுக்கு வந்ததும் நானும் குமரனும் போய்ப் பார்த்தோம். குமரன் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவருக்கு ரூட்டும் புரியவில்லை, எஸ் யூவும் புரியவில்லை. "சரி தம்பி, விடு" என்றார். எனக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை.

"பேரு இல்லன்னு சொன்னா நீங்க பாட்டுக்குத் திரும்பிப் போயிடுவீங்களா அண்ணே? சத்தம் போட்டிருக்க வேணாமா? உங்க உயிரில்ல அது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீயும் தோட்டத்துப் புள்ளதானேம்மா? பெரட்டுல பேரு கூப்புடலன்னா வீட்டுக்குப் போறதுதானே?"

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெயர் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்கிற வழக்கமும் இல்லை. தொரையும் போய், தோட்டமும் போய், தொப்பியும் புல்வெட்டப் போய்விட்டது. இந்த மனிதர் மட்டும் இன்னும் பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் யார் மேலும் வந்ததில்லை; வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன்.

நான் ஓய்வு பெறும்வரை அவர் வந்துகொண்டிருந்தார். பரமேஸ்வரிதான் அவரை டயாலிசிஸ் மெஷினில் போடுவாள். ஒவ்வொரு முறையும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நேராகப் படுக்கைக்குப் போகாமல், அவள் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"மிஸி, இன்னைக்கி நான் இருக்கேனா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டுவாள். தன் பெயரை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.